பொட்டு வைத்த பேட்டரி

சென்ற ஆண்டு வேளாங்கண்ணிக்குப் போகும் வழியில், உளுந்தூர்பேட்டையைத் தாண்டியதும், புதிதென்று வாங்கிய பேட்டரி கைவிட்டுக் கேம்பர் வேனின் குளிர்பெட்டி நின்றுபோயிற்று. உள்ளே இருந்த இன்சுலின் வெயிலில் கெட்டது. அதை அறியாமல் போட்டுக்கொண்ட ரெமிஜியஸ், திருவிழா முழுவதையும் மருத்துவமனைக் கட்டிலில் கழித்தார். அன்றிலிருந்து அவருடைய மனைவி ஜோசஃபினுக்குப் பேட்டரி விற்கிறவர் யாராயிருந்தாலும் சந்தேகம்தான்.

இந்த ஆண்டும் கொடியேற்றத்துக்குப் புறப்பட்டாயிற்று. போகிற வழியில், ஆனேக்கல் பக்கம் ஹெப்பகோடியில் கோதண்டராமன் கடையில் பேட்டரியை மாற்றிக்கொள்வது என்பது ரெமிஜியஸின் ஏற்பாடு.

"நேத்து வந்த ஸ்டாக் சார்," என்று கீழ்த்தட்டிலிருந்து ஒன்றை இழுத்து மீட்டரை வைத்தார் கோதண்டராமன். முழுச் சார்ஜ் காட்டியது. ரெமிஜியஸ் தலையாட்டினார். ஜோசஃபினோ குனிந்து பார்த்தார். பேட்டரியின் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் காய்ந்து வெடித்திருந்தன.

"இது என்ன?"

"பூஜைக்கு வச்சது மேடம். பொட்டு வச்சா பேட்டரிக்கு வயசாயிடுமா?"

"எந்த பூஜை?"

"வாரா வாரம் வெள்ளிக்கிழமை பண்றோமே."

"அப்ப மேல்தட்டுல இருக்கறதெல்லாம் என்ன பாவம் பண்ணுச்சு? ஒண்ணுக்குக்கூடப் பொட்டு இல்லையே. போன ஆயுத பூஜை அன்னிக்குக் கடையில கிடந்ததுக்கு மட்டும்தானே வச்சீங்க?"

கோதண்டராமனின் சிரிப்பு உதட்டோடு நின்றது. "மேடம் போலீஸ்ல இருந்தாங்களா சார்?"

"கூட வாழ்ந்து பாருங்க, தெரியும்," என்றார் ரெமிஜியஸ். "விடும்மா ஜோஸி. மீட்டர்தான் காட்டுதே."

"ராத்திரி சார்ஜ் போட்டா காலைல எதுவானாலும் ஃபுல்லாதான் காட்டும். மாசக்கணக்கா சும்மா கிடந்தது ஃப்ரிட்ஜைத் தாங்குமா? வேன்ல மாட்டச் சொல்லுங்க. ஓடுதான்னு பாத்துட்டுப் போவோம்."

"தாராளமா மேடம். ரெண்டு டீ சொல்லவா?"

வாயில் இருந்த உபசாரம் கையில் இல்லை. ஒயரை மாட்டுவதற்குள் கோதண்டராமன் இரண்டு முறை மேல்தட்டைப் பார்த்ததை ஜோசஃபின் கவனித்தார்.

பெட்டி உறுமத் தொடங்கியது. ரெமிஜியஸ் வெற்றி முகத்தோடு மருந்துப் பையை உள்ளே வைத்தார். டீ வந்தது. கிளாஸ் காலியாவதற்குள் உறுமல் தேய்ந்தது. பெட்டி ஒருமுறை குலுங்கி அடங்கிற்று.

"ஒயர் லூஸா இருக்கும்," என்று எழுந்தார் கோதண்டராமன்.

ரெமிஜியஸ்தான் பையை வெளியே எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டார். "மேல இருக்கறத இறக்குங்க," என்றார்.

புதியது ஏறியது. ஆனேக்கல் பஸ்கள் பல கடந்தும் பெட்டி ஓடிக்கொண்டே இருந்தது. கடைசியில் ஜோசஃபினுக்கே பொறுமை போயிற்று.

"கிளம்பலாங்க. இருட்டறதுக்குள்ள கிருஷ்ணகிரியைத் தாண்ட வேணாமா?"

ரெமிஜியஸ் பையை விடாமல், பெட்டியின் மேல் காதை வைத்தார்.

"இரு. இன்னும் கொஞ்சம் ஓடட்டும்."