ஒரு பக்கத் தீர்ப்பு

அந்த மருத்துவக் காப்பீட்டு அலுவலகத்தில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பட்டப்பெயர். பதினெட்டு வருஷமாக மனுக்களைச் சரிபார்க்கிறவள். அவள் கண்ணில் மண்ணைத் தூவ எந்த ஆஸ்பத்திரியாலும் முடியாது என்பார்கள். நாலு மாதத்துக்கு முன் காகிதக் கட்டுகள் கீழ்த்தளத்து அறைக்குப் போய், எல்லாம் கம்ப்யூட்டர் திரைக்கு வந்தன. நாற்பது நிமிஷ வேலை பத்து நிமிஷத்தில் முடிந்தது.

எது மேல், காகிதமா திரையா என்று மேலிடம் கேட்டது. அவள் திரையில் பார்த்து முடித்த மனுக்களில் அறுபதின் மூலக் காகிதங்களை எடுத்து, பழைய முடிவைச் சொல்லாமல், மறுபடி அவளிடமே கொடுத்தார் மேலாளர். தினமும் முப்பது பார்ப்பவளுக்கு எது நினைவிருக்கும்? புதிதாகவே படித்தாள்.

ஒப்பிட்டபோது ஐம்பத்தொன்பது ஒத்துப்போயின. மிச்சமிருந்த ஒன்றை அவள் மறுபடி எடுத்துப் பார்த்தாள்.

ஒரு லாரி டிரைவர். சிறுநீரகத்தில் கட்டி, உடனே ஆபரேஷன் செய்ய அனுமதி கேட்டிருந்தார். காகிதத்தில் அவள் கொடுத்த முடிவு: அனுமதி. திரையில் அவளே கொடுத்தது: பழைய நோயை மறைத்திருக்கிறார், நிராகரிப்பு. டாக்டர் எழுதிய தாளில் முன்பக்கத்தின் கடைசி வரி, 'ஆறு வருடமாகச் சிறுநீரகக் கோளாறு' என்று முடிந்திருந்தது. தாளைத் திருப்பினால், 'இருப்பது அண்ணனுக்கு. இவருக்கு இதுவே முதல் தடவை.' ஸ்கேன் செய்தவர்கள் முன்பக்கத்தோடு நிறுத்திவிட்டார்கள். வாக்கியம் முடியவில்லையே என்று அவளும் யோசிக்கவில்லை.

"அறுபதுல ஒண்ணுதானேம்மா," என்றார் மேலாளர். "இனிமே ரெண்டு பக்கமும் ஸ்கேன் பண்ணச் சொல்லிடறேன். அவருக்கு இன்னிக்கே அனுமதி போட்டுடுங்க."

அவள் அந்த வீட்டுக்குப் போன் செய்தாள். மகள் எடுத்தாள்.

"அப்பா போய் இருபது நாளாச்சுங்க."

போனை வைத்துவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. வைக்கவில்லை. நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள்.

"எதையும் மறைக்கலன்னு அப்பா என் தலையில அடிச்சு சத்தியம் பண்ணாரு," என்றாள் மகள். "அம்மா நம்பல. ஆபீஸ்காரங்க பொய்யா எழுதுவாங்களான்னு கேட்டாங்க. கடைசி வரைக்கும் முகம் கொடுத்துப் பேசல."

"அம்மாகிட்ட குடுங்க."

போன் கை மாறியது.

"உங்க வீட்டுக்காரர் எதையும் மறைக்கலம்மா. முழுசாப் படிக்காம எழுதினது நான்தான்."

"நான் அவருக்குச் சோறு போட்டுட்டு எந்திரிச்சுப் போயிடுவேன்," என்றது அந்தக் குரல். அவளிடம் சொன்ன மாதிரி இல்லை. பிறகு இணைப்பு அறுந்தது.

அறிக்கையில், 'பிழை: அறுபதுக்கு ஒன்று' என்பதன் கீழே, 'அந்த ஒருவர் இறந்துவிட்டார்' என்று எழுதினாள். ஒப்பீட்டில் இதெல்லாம் வராது என்று மேலாளர் அந்த வரியை அடித்துவிட்டார். திரையே மேல் என்று முடிவானது.

நாலு மாதத்தில் அவள் நிராகரித்தவை முந்நூற்றுச் சொச்சம். சாப்பாட்டு இடைவேளையில் கீழ்த்தளத்துக்குப் போய் ஒவ்வொரு தாளாகத் திருப்பிப் பார்க்க ஆரம்பித்தாள். மூன்றாம் நாள் இன்னொன்று கிடைத்தது.