வெள்ளை ஓரம்

அன்று கூடத்தில் இருந்தவர்கள் நான், என் மனைவி, மகன், மருமகள், என் தங்கை. அவ்வளவுதான். பக்கத்து வீட்டுக்காரர் தானும் இருந்ததாகச் சொல்லித் திரிகிறார். தெருச் செய்தி முழுவதும் அவர் வாயில் வருவதால் அவருக்கு ரேடியோ என்று பெயர். அவர் ஏணி கேட்டு வந்தார், வாசலில் நின்றார், ஏணியோடு போனார்.

மருமகளின் வேலையை முதலில் சொல்ல வேண்டும். அவளிடம் வாரத்துக்கு ஒரு பக்கம் உள்ள பிளானர் நோட்டு இருக்கிறது. அந்தந்த வாரம் நடந்ததை எழுதி, போனில் எடுத்த படங்களை அச்சிட்டு ஒட்டுவாள். இதிலென்ன பெரிய வேலை என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஒரே மாதிரி எடுத்த பத்துப் படங்களில், யாரும் கண் மூடாத ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றை இரக்கமில்லாமல் கழிப்பாள். "போன்ல வெளிச்சம் உள்ளேயிருந்து வருது மாமா. பேப்பர்ல அது கிடையாது, முகம் கறுத்துப் போயிடும்" என்று சொல்லி, அச்சுக்கு முன் படத்தைச் சற்றே வெளிச்சமாக்குவாள். விளக்கின் மஞ்சளைக் குறைப்பாள். மை காயாத தாளில் விரல் வைத்து என் மனைவியே கையில் ஒரு தட்டு வாங்கியிருக்கிறாள்.

அன்று அச்சிட வேண்டியவற்றில் முக்கியமானது ஒரு படம். பல வருடங்கள் எங்களோடு பேசாதிருந்த தங்கை திரும்பி வந்த நாளில் எடுத்தது. பேச்சு ஏன் நின்றது என்பது வீட்டு விஷயம்; எழுத மாட்டேன். குடும்பம் முழுவதும் ஒன்றாக நிற்கும் படம் அது ஒன்றுதான். மகன் போனை அலமாரியில் படுக்கைவாட்டில் சாய்த்து வைத்துவிட்டு ஓடி வந்து நின்றான். தங்கை கடைசியாக வந்து, ஓரத்தில் நின்று, என் தோளில் கை வைத்தாள். இப்போது இரண்டாம் முறையாக, தங்கிப் போகப் பையோடு வந்திருந்தாள்.

அவள் குளிக்கப் போயிருந்தபோது மருமகள் முதல் தாளைக் காட்டினாள். சுற்றிலும் வெள்ளை ஓரம்.

"இதென்னம்மா, துணி பத்தாம தைச்ச சட்டை மாதிரி? தாள் முழுக்க வரட்டும். பார்க்கிறவங்க நம்ம வீட்டுல மைக்குப் பஞ்சம்னு நினைப்பாங்க" என்றேன்.

"ஓரம் இருக்கட்டுமே மாமா..."

"வேண்டாம்."

"உங்க மாமா சொல்லிட்டாரு, மறுபேச்சு ஏது? மாத்திடு, இல்லேன்னா பிரிண்டருக்கும் வசவு விழும்" என்றாள் என் மனைவி.

மருமகள் மாற்றினாள். படமோ தாளைவிட அகலம். தாளை நிரப்பவேண்டும் என்றால் பிரிண்டர் படத்தைப் பெரிதாக்கும். இரண்டு ஓரமும் வெளியே போய்விடும். ஒரு பக்கம் பூந்தொட்டி போயிற்று. மறுபக்கம் என் தங்கை போனாள்.

தலை துவட்டிக்கொண்டே வந்து அந்தத் தாளை அவளே எடுத்தாள். என் தோளில் ஒரு கை மட்டும் இருந்தது.

"என்னை வெட்டிட்டீங்களா அண்ணா?"

வாசலில் ரேடியோ ஏணியைத் தூக்கிக்கொண்டிருந்தார்.

"அத்தை, அது பிரிண்டர்..." என்று மகன் ஆரம்பித்தான்.

"நீ சும்மாயிருடா. வேலை செய்யக் கை வேணும், மூஞ்சி வேண்டாம். அப்படித்தானே?"

பையை எடுத்துவிட்டாள். அந்தப் பை படியிறங்கினால் மறுபடி ஏறாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் பிரிண்டரையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

மருமகள் என் பக்கம் திரும்பக்கூட இல்லை. "தப்பு என்னோடது அத்தை. ஓரத்தை எடுத்தேன், அது உங்களை விழுங்கிடுச்சு. இதைப் பாருங்க" என்று போனை நீட்டினாள். அதில் தங்கை முழுதாக, சிரித்தபடி நின்றாள். "உங்க முகத்துல நிழல் விழுந்திருந்தது. அதை எடுக்கத்தான் காலையிலேர்ந்து உட்கார்ந்திருந்தேன். வெட்டறவ இவ்வளவு மெனக்கெடுவாளா?"

தங்கை பையை விடாமல் படத்தையே பார்த்தாள். "கழுத்துச் சுருக்கத்தையும் எடுத்திருக்கலாம்" என்றாள்.

"அதை எடுத்தா அது நீங்க இல்லையே அத்தை."

தங்கை சிரித்துவிட்டாள்.

மருமகள் மறுபடி அச்சிட்டாள், வெள்ளை ஓரத்தோடு. மை காயும்வரை ஒருவரையும் நெருங்கவிடவில்லை. பிறகு பேனாவைத் தங்கையிடம் கொடுத்தாள். "இந்த வெள்ளை எழுதறதுக்குத்தான். நீங்களே எழுதுங்க."

'அண்ணன் வீட்டில், எல்லோரும்' என்று எழுதினாள் தங்கை. பை உள்ளறைக்குத் திரும்பியது.

என் மானத்தை இவ்வளவு சத்தமில்லாமல் காப்பாற்றியவர் இந்த வீட்டில் வேறு எவரும் இல்லை.

மருமகள் என் தங்கையைப் படத்திலிருந்து வெட்டிவிட்டாள் என்று தெருவில் பேசுகிறார்கள். அவள் வெட்டவில்லை. ஓரத்தை எடுக்கச் சொன்னவன் நான்.