கண் மூடியவர்களுக்குத் தெரிந்தது

போட்டோக்காரரின் ஸ்டூடியோவில் படம் எடுக்கும்போது கண்ணை மூடிவிட்ட இருநூற்றுப் பதினேழு பேருக்கு, அதன் பிறகு கண்ணை மூடினால் இருட்டு தெரிவதில்லை. அந்த நேரத்தில் போட்டோக்காரர் எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாரோ அதுதான் தெரியும். இதற்குப் பின்னால் பெரிய மர்மம் ஒன்றுமில்லை, சுத்தச் சோம்பேறித்தனம். கண் மூடிவிட்டால் இன்னொரு முறை எடுப்பதுதான் உலக வழக்கம். இவருக்கு அது கௌரவக் குறைச்சல். ‘ஒரே கிளிக்’ என்று வாசலில் போர்டு வேறு மாட்டியிருந்தார். அதனால், கன்னத்தில் கை வைத்துத் தன்னையே எடுத்துக்கொண்ட பழைய படம் ஒன்றிலிருந்து இரண்டு கண்களை வெட்டி, பன்னிரண்டு அளவுகளில் கம்ப்யூட்டரில் போட்டு வைத்திருந்தார். யார் கண்ணை மூடினாலும் அதிலிருந்து ஒரு ஜோடி எடுத்து ஒட்டிவிடுவார். பெண்கள் என்றால் இமையில் கொஞ்சம் மை. கணக்கு வாத்தியார், கண் டாக்டர், தையல்காரி, பக்கத்துக் கடை சலூன்காரர் என்று வரிசையாக எல்லாரும் அவருடைய கண்ணோடு அடையாள அட்டை வாங்கிக்கொண்டு போனார்கள். ஒருவராவது கவனித்தாரா என்றால் இல்லை. தன் மூக்கு ஒழுங்காக வந்திருக்கிறதா என்று பார்ப்பவர்களுக்குக் கண் யாருடையது என்று பார்க்க நேரம் ஏது?

முதலில் மாட்டியவர் கணக்கு வாத்தியார். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு ஈஸிசேரில் சாய்ந்து கண்ணை மூடினால் எதிரே ஒரு துருப்பிடித்த பூட்டு. திறந்தால் வீட்டுச் சுவர், மூடினால் பூட்டு. கண் டாக்டரிடம் ஓடினார். டாக்டர் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்துவிட்டு, தன் கண்ணைக் கசக்கிக்கொண்டே, “பூட்டுக்கு இடது பக்கம் ஒரு ஆணி தெரியுதா சார்?” என்று கேட்டார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். டாக்டர்தான் பிறகு பூதக்கண்ணாடி வைத்துத் தன் பாஸ்போர்ட் படத்தைப் பார்த்து விஷயத்தைக் கண்டுபிடித்தவர். எல்லாரும் திரண்டு போய், எங்கள் மூடின கண்ணையே திருப்பி வைத்துவிடு என்று சண்டை போட்டார்கள். வைத்தால் சரியாகிவிடுமாம். ஆனால் அசல் படங்கள் ஒன்றும் மிச்சமில்லை. இடம் போதவில்லை என்று இவர் எல்லாவற்றையும் அழித்திருந்தார். பூட்டு, ஆணி, சிலந்தி வலை, சைக்கிள் நிழல் என்று அவர் எடுத்த பதினாறாயிரம் கலைப்படங்களுக்கு மட்டும் இடம் இருந்தது.

அந்தக் கலை சமாசாரத்தையும் சொல்லிவிட வேண்டும். தினமும் காலை ஆறிலிருந்து எட்டு வரை அவருக்குப் பயிற்சி. கழுத்தில் கேமராவைத் தொங்கவிட்டுக்கொண்டு தெருத்தெருவாகப் போவார். சிலந்தி வலையில் பனித்துளி இல்லாவிட்டால் சலூனிலிருந்து தண்ணீர் அடிக்கும் பாட்டிலை வாங்கிப் போய் அடித்துப் பனித்துளி உண்டாக்குவார். கிழவர்கள் யாராவது வாசலில் உட்கார்ந்திருந்தால் தொலைந்தார்கள், சுருக்கம் சுருக்கமாக எடுத்துக் கறுப்பு வெள்ளையில் போட்டுவிடுவார். கொஞ்சம் அதிகம் தூங்க ஆசைப்பட்ட இருநூற்றுப் பதினேழு பேரும் இதையெல்லாம் கூடவே பார்த்தாக வேண்டும். கோபப்பட்டுப் பார்த்தார்கள், பிறகு பழகிவிட்டது. பழகியதும் ஜனங்களுக்கு வேறு குறை வந்தது. சலூன்காரர் போய், “அண்ணே, ஒரு தடவையாவது கடல் பக்கம் போயிட்டு வாங்களேன், இந்தப் பூட்டையே எத்தனை நாள் பாக்குறது?” என்று கெஞ்சினார். போட்டோக்காரருக்கோ தலைகால் புரியவில்லை. தனக்கு ரசிகர்கள் கிடைத்துவிட்டார்கள் என்று எடுத்துக்கொண்டார். அதன் பிறகு எதைப் பார்த்தாலும் மெதுவாக, இடமிருந்து வலமாக, நின்று நிதானித்துப் பார்க்க ஆரம்பித்தார். கர்மம், ஒரு வாளித் தண்ணீரை நாற்பது நிமிடம் பார்ப்பார்.

அவருக்கு ஒரு மனைவி இருந்தாள். வெளியூர்க்காரி. தன் கல்யாணத்துக்கும் அவரே படம் எடுத்தார் என்பதால் அந்த ஆல்பத்தில் வந்தவர் போனவர் எல்லாரும் இருக்கிறார்கள், மாப்பிள்ளை இல்லை, பெண்ணின் தோள்பட்டை மட்டும் ஓர் ஓரத்தில் இருக்கிறது. எட்டு வருடமாக ஸ்டூடியோவின் பின்னறையில் உட்கார்ந்து படங்களை நான்கு நான்காக வெட்டிக் கவரில் போடுவது அவள் வேலை. வீடும் அதற்குப் பின்னால்தான். கடைகண்ணிக்கு அவரே போய்வந்துவிடுவார், வழியில் வெளிச்சம் பார்க்கலாம் என்று. புருஷன் பார்ப்பதையெல்லாம் ஊர் பார்க்கிறது என்று தெரிந்த நாளிலிருந்து அவள் பாவம், வெட்கப்பட்டே செத்தாள். அவருக்குத் தட்டு வைக்கப் போகுமுன் ஒவ்வொரு வேளையும் தலை வாரி, முகம் கழுவி, நல்லதாக ஒன்றை உடுத்திக்கொண்டுதான் போவாள். இருநூற்றுப் பதினேழு பேர் முன்னால் நிற்பதாக நினைப்பு.

சட்டைக் கை ஒன்றைப் பிரித்துத் தைக்க ஒருநாள் அவளே தையல்காரியிடம் போனாள். தையல்காரி நிமிர்ந்து பார்த்து, “யாரும்மா, ஊருக்குப் புதுசா?” என்றாள். போட்டோக்காரர் சம்சாரம் என்று சொன்னதும், “அவருக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?” என்று வாயைப் பிளந்தாள். இத்தனைக்கும் அந்த வீட்டுக் குழாய் எத்தனை நொடிக்கு ஒரு சொட்டு சொட்டும் என்பது வரை தையல்காரிக்குத் தெரியும். நான்கு வருடமாக மத்தியானத் தூக்கத்தை அங்கேதான் கழிக்கிறாள். சட்டையை வாங்கக் கையை நீட்டியவள், மணிக்கட்டில் இருந்த சூட்டுத் தழும்பைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றாள்.

“அய்யய்யோ, இந்தக் கையா! தட்டு வைக்கிற கை! நான் வேலைக்கு வர்ற அம்மான்னுல்ல நெனச்சேன்.”

“என் மூஞ்சியைப் பார்த்ததில்லையா அக்கா?”

“நான் மத்தியானம் மட்டும்தானேம்மா கண்ணை மூடுறேன்,” என்று தையல்காரி மழுப்பினாள். “மத்த நேரத்துல பார்த்திருப்பாரு.”

அவள் நம்பவில்லை. அன்றே முப்பத்தோரு வீடுகள் ஏறி இறங்கினாள். வாத்தியாருக்குக் கையைத் தெரியும். டாக்டருக்குக் கையும், அந்தத் தழும்புக்கு என்ன களிம்பு போட்டிருக்கலாம் என்பதும் தெரியும். அவளை நேரில் அறிந்த சலூன்காரர், கண்ணை மூடியபோது பின்னந்தலையை ஒரே ஒரு முறை பார்த்ததாகச் சொல்லி, “நல்ல முடி அண்ணி” என்றார். விடியற்காலையில் மூடியவர்கள், மத்தியானம் மூடியவர்கள், சீக்கிரம் படுக்கிறவர்கள் என்று எல்லா வகை ஆளையும் கேட்டாகிவிட்டது. அவள் முகம் ஒருவர் கண்ணிலும் பட்டதில்லை. இத்தனை வருடம் அவள் தலை வாரியதெல்லாம் வீண். வீட்டுக்கு வந்து அவள் கத்தவுமில்லை, தட்டை எறியவுமில்லை. எறிந்திருக்கலாம் என்பது என் அபிப்பிராயம். தட்டையாவது பார்த்திருப்பார்.

மறுநாள் பதினோரு மணிக்கு அவள் கையில் ஒரு பையோடு கடையின் முன்வாசல் வழியாக வந்து, மற்ற வாடிக்கையாளர்களைப் போல ஸ்டூலில் உட்கார்ந்தாள். “பாஸ்போர்ட் சைஸா?” என்று கேட்டபடி போட்டோக்காரர் கேமராவுக்குள் கண்ணை விட்டார். “தாடையைக் கொஞ்சம் இறக்குங்கம்மா. இடது தோள் கீழே. கண்ணை மூடிடாதீங்க.” அவள் மூடிக்கொண்டாள். அவர் கிளிக்கினார். அடையாளம் தெரியவில்லையா என்று கேட்பவர்கள் இதுவரை சொன்னதைக் காதில் வாங்கவில்லை என்று அர்த்தம். கம்ப்யூட்டரில் உட்கார்ந்து ஏழு நிமிடத்தில் தன் கண்களை எடுத்து அவள் முகத்தில் ஒட்டி, மை தீட்டி, எட்டுப் படம் பிரிண்ட் போட்டு, பின்னறைப் பக்கம் திரும்பாமலே, “இதைக் கொஞ்சம் வெட்டிக் குடு” என்று குரல் கொடுத்தார். ஸ்டூலில் இருந்தவள் எழுந்து போய் வெட்டினாள். இரண்டை மேசையில் வைத்து, ஆறைக் கவரில் போட்டுக்கொண்டு முன்வாசல் வழியாகவே வெளியே போனாள். “நன்றிம்மா, மறுபடியும் வாங்க” என்றார் மகானுபாவர்.

ஆள் வராத நேரத்தில் சுழல் நாற்காலியில் கண்ணயர்ந்திருந்த சலூன்காரர் இதை முழுதாகப் பார்த்துவிட்டு எழுந்து ஓடிவந்தார். “அண்ணே, அது நம்ம அண்ணிண்ணே!” போட்டோக்காரர் சிரித்தார். இரண்டு மணிக்குத் தட்டு வராதபோதுதான் அந்தச் சிரிப்பு நின்றது. மனைவி போனது அவருக்கு வயிற்றின் வழியாகத்தான் தெரிந்தது. மேசையிலிருந்த படத்தை எடுத்து வெகுநேரம் பார்த்தார். பார்த்துவிட்டு முதலில் சொன்னது, “கன்னத்துல வெளிச்சம் நல்லா விழுந்திருக்கு.”

அப்புறம் ஆள் மாறிப்போனார். காலைப் பயிற்சி கிடையாது, பூட்டு கிடையாது. கம்ப்யூட்டரில் அந்தப் படத்தைப் பெரிதாக வைத்துக்கொண்டு, சாப்பிடும் நேரம் போக, அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அழவும் செய்தார், படம் அவ்வப்போது கலங்கியதிலிருந்து எல்லாருக்கும் தெரிந்தது. வெளியூரில் தன் அக்கா வீட்டுக்குப் போய் பிஸ்கட் கம்பெனியில் பொட்டலம் போடும் வேலையில் சேர்ந்திருந்த அவள்தான் இருநூற்றுப் பதினெட்டாவது ஆள். வேலை முடிந்து வந்து கண்ணை மூடினால் எதிரே அவள் முகமே, புருஷனின் கண்ணோடு, அவளை முறைத்துக்கொண்டிருக்கும். இருபத்திரண்டு நாள் பொறுத்தாள். பிறகு தையல்காரிக்குப் போன் செய்தாள். “அக்கா, அந்தக் கண்ணை எடுத்துட்டு என் கண்ணை வைக்கச் சொல்லுங்க. எனக்குத் தூக்கம் வேணும், வேற ஒண்ணும் வேண்டாம்.”

தையல்காரி நேரில் போய்ச் சொன்னாள். அவர் முதலில் தொழில் பேசினார், கண் மூடின படத்தை எவன் வாங்குவான் என்றார். பிறகு உண்மையைச் சொன்னார். எடுத்துவிட்டால் அவள் ஒன்றும் பார்க்க மாட்டாள், நான் பார்க்கிறேன் என்பது அவளுக்கு எப்படித் தெரியும்? இப்போதுதானே பார்க்க ஆரம்பித்திருக்கிறேன்?

“யாரைப் பாக்குறீங்க?” என்றாள் தையல்காரி. “மூணு வாரமா நீங்க உத்து உத்துப் பாக்குறது உங்க கண்ணைத்தான்யா. கூடவே பாக்குறேன், எனக்குத் தெரியாதா?”

அந்த வார்த்தை அவரை மூன்று நாள் தின்றது. நான்காம் நாள் மத்தியானம் இரண்டே முக்காலுக்கு, இன்னும் அழிக்காமல் வைத்திருந்த ஒரே அசலைத் திறந்து, அவளுடைய மூடிய கண்களை எடுத்து அவள் முகத்தில் வைத்தார். அக்கா வீட்டில் அவள் பையிலிருந்த ஆறு படங்களிலும் கண் மூடிக்கொண்டது. அன்று படுத்தவள் பதினாறு மணி நேரம் எழுந்திருக்கவில்லை என்று தையல்காரிக்குத் தகவல் வந்தது. இங்கே படுத்திருந்தவர்கள் அவள் முகத்தை முதல் முறையாக முழுசாகப் பார்த்தார்கள். வலது இமையில் கடுகளவு மச்சம், புருவத்துக்கு நடுவே ஒரு சின்னச் சுளிப்பு. போட்டோக்காரர் பார்வையை நகர்த்தவே இல்லை.

இப்போதும் தினம் இரண்டிலிருந்து நாலு வரை கடையைச் சாத்திவிட்டு அந்தப் படத்தின் முன்னால் உட்காருகிறார். கடல் பக்கம் போகச் சொல்லி யாரும் கேட்பதில்லை. சமீபத்தில், அன்று அவள் படி ஏறாத வீட்டுக்காரர் ஒருவர் வேறு ஊர் பஸ் நிலையத்தில் அவளைக் கண்டதும் பழகிய மனுஷியைப் போலச் சிரித்து வணக்கம் சொல்லியிருக்கிறார். அவள் யாரோ என்று நகர்ந்துவிட்டாள். அந்த முகத்தை ஒரு மனிதர் தினமும் இரண்டு மணி நேரம் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பது இந்த ஊரில் இருநூற்றுப் பதினேழு பேருக்குத் தெரியும். அவளுக்குத்தான் தெரியாது.