மூன்று மில்லிமீட்டர்

நாற்பத்தோராவது தாளும் அப்படியே வந்தது. ஆல்பின் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். வரி முடிகிற இடத்தில் 'இந்து மலையாள' என்று நின்றது. கடைசி எழுத்தின் தலையில் வளைந்திருக்க வேண்டிய கொக்கி தாளில் விழவில்லை.

கள்ளக்குறிச்சியில் பழங்குடிச் சான்றிதழ் தரும் கோட்டாட்சியர் அலுவலகத்துக் கணினிகளில் இருப்பது காசில்லாமல் கிடைக்கும் லினக்ஸ். ஏலத்தில் எடுத்த பிரிண்டரைச் செய்த கம்பெனி அதற்கு டிரைவர் தரவில்லை. கணினி சொல்வதைப் பிரிண்டருக்குப் புரியவைக்கும் அந்த நிரலை, ஒப்பந்த ஊழியனான ஆல்பின்தான் எழுதினான். எழுதி முடித்த அன்று வலது ஓரத்தை ஒட்டித் தன் பெயரை அடித்துப் பார்த்தான். புள்ளியில் முடியும் 'ஆல்பின்' முழுசாக வந்தது. அதோடு விட்டுவிட்டான்.

எதிர் பெஞ்சில் வெள்ளிமலையிலிருந்து வந்திருந்த செல்லமுத்து துணிப்பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மகள் மணிமொழி. அவள் சேரப்போன நர்சிங் கல்லூரியில் சாதிச் சான்றிதழைப் பார்த்தவர், கேரளாக்காரர்களுக்கு இங்கே பழங்குடி ஒதுக்கீடு கிடையாது என்று திருப்பித் தந்துவிட்டார். மலையாளி என்பது கல்வராயன் மலைப் பழங்குடியின் பெயர், தாங்கள் அந்த மலையை விட்டு எங்கும் போனதில்லை என்று செல்லமுத்து சொன்னது அங்கே எடுபடவில்லை. இன்று ஐந்து மணிக்குள் சரியான சான்றிதழ் வந்தால் சீட்டு. இல்லாவிட்டால் பட்டியலில் அடுத்த பெயர்.

"ஒரு கொக்கிதான சார். பேனாவுல போட்டுட்டா ஆவாதா?" என்றார் செல்லமுத்து.

"போட்டா அது திருத்துன சர்டிபிகேட்டு. சீட்டுக்குப் பதிலா கேசு வரும்" என்றார் எழுத்தர் காசிநாதன்.

பழைய தாளை ரத்து செய்து, எண் போட்ட புதுத் தாளில் அடித்து, அதிகாரி கையெழுத்துப் போட வேண்டும். அதிகாரி உளுந்தூர்பேட்டையில் இருந்தார். இட ஒதுக்கீடு கேட்டுக் காலையிலிருந்து அங்கே சாலை மறியல்.

பன்னிரண்டரைக்கு ஆல்பின் பிழையைக் கண்டுபிடித்தான். தாளின் வலது ஓரத்தில் பிரிண்டர் விடும் இடத்தைவிட மூன்று மில்லிமீட்டர் அதிகமாக விடச் சொல்லியிருந்தான். எழுத்தின் உடம்பு உள்ளே நின்றது, கொக்கி வெளியே போனது. ஒரே ஓர் எண்ணை மாற்றினான். புதுத் தாளில் 'இந்து மலையாளி' என்று வந்தது.

மணிமொழி எழுந்து வந்து கடைசி எழுத்தின் மேல் விரலை வைத்தாள்.

"இப்ப நாங்க நாங்கதானா சார்?"

காசிநாதன் சிரித்துவிட்டார். ஆல்பினால் முடியவில்லை.

மூன்று மணிக்குக் காசிநாதன் அதிகாரிக்குப் போன் போட்டார். கோஷச் சத்தத்துக்கு நடுவே, வண்டி திரும்ப வழியில்லை என்று பதில் வந்தது. தாளைப் பைக்கில் எடுத்துப்போய்க் கையெழுத்து வாங்கி வரட்டுமா என்று கேட்டான் ஆல்பின். எண் போட்ட தாள் வாசலைத் தாண்டக் கூடாது என்றார் காசிநாதன். கல்லூரிக்குப் போன் போட்டு ஒரு நாள் தவணை கேட்டான். இதே மாதிரி நிறையப் பேர் கேட்கிறார்கள் என்று வைத்துவிட்டார்கள்.

அவன் இணையத்தில் இலவசமாகப் போட்டிருந்த அந்த டிரைவரை வெளிநாட்டிலும் சிலர் பயன்படுத்திப் பராமரித்தார்கள். திருத்தத்தை அவர்களுக்கு அனுப்பினான். கால் மணி நேரத்தில் முகம் தெரியாத ஒருவர், சரிபார்த்துச் சேர்த்துவிட்டதாக நன்றி எழுதியிருந்தார்.

"நீங்க வச்ச இந்த மிசின்ல எங்க ஜனம் எத்தினி பேரு கொக்கியில்லாம வாங்கிக்கினு போயிருக்கும் சார்?" என்று கேட்டார் செல்லமுத்து.



ஐந்தடித்ததும் காசிநாதன் கையெழுத்தில்லாத புதுத் தாளை மேசை டிராயரில் வைத்துப் பூட்டினார். மலைக்குப் போகும் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. செல்லமுத்து எழுந்து வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

மணிமொழி மட்டும் பிரிண்டரின் பக்கத்தில் குனிந்து, கீழே கிடந்த தாள்களைப் பொறுக்கி அடுக்கினாள்.

"பின்பக்கம் வெள்ளையாத்தான கீது. தங்கச்சிக்கு எழுத ஆவும். எடுத்துக்கட்டா சார்?"

ஆல்பின் தலையாட்டினான். நாற்பத்தொரு தாளும் துணிப்பைக்குள் முழுசாக இறங்கவில்லை. பையின் வாய்க்கு வெளியே 'மலையாள' என்று தெரிய, அவள் அப்பாவின் பின்னால் படியிறங்கினாள்.