மூக்குக்குப் பின்னால் பால் காய்ச்சியவர்

என் மூக்குக்குப் பின்னால், மூளைக்கு அடியில், ஒருவர் குடிவந்தார். அங்கே ஏற்கெனவே பட்டாணி அளவில் ஒரு சுரப்பி இருந்தது. பிட்யூட்டரி என்று பெயர். உடம்பின் மற்ற சுரப்பிகளுக்கு அதுதான் உத்தரவு போடும். அதன் வீட்டில்தான் இவர் உள்வாடகைக்கு வந்தார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நல்ல நாள் பார்த்துப் பால் காய்ச்சினார்.

புது வீட்டில் பால் பொங்க வேண்டும் அல்லவா? பொங்கியது. என் மார்பு வழியாக வழிந்தது.

நான் ஆண். பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியர். விசிலுக்குக் கீழே சட்டை நனைந்திருந்தது. வியர்வை என்று நினைத்தேன். மத்தியானத்துக்குள் புளித்துவிட்டது. ஈக்கள் வந்தன. என் நாற்றம் எனக்கே குமட்டியது.

மனைவி பூரணவல்லி சட்டையை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தாள்.

"யாருக்கும் தெரிய வேணாங்க. நாலு மாடியும் சிரிக்கும்."

"உனக்கு அருவருப்பா இல்லையா?"

"நுரை நல்லா வருது," என்றாள்.

குடிவந்தவர் சும்மா இருக்கவில்லை. மாடி எடுத்தார். தலை வலித்தது. தூணைக் கொண்டுபோய் என் கண் நரம்புகள்மேல் சாய்த்தார். இரண்டு பக்க ஜன்னல்களும் மூடிக்கொண்டன. நேராகத் தெரிந்தது. பக்கவாட்டில் ஒன்றும் தெரியவில்லை. மைதானத்தில் பந்து காணாமல் போய், பிறகு என் காதில் வந்து அடித்தது. கட்டிலில் மனைவி பக்கம் திரும்புவது எதற்காக என்பதும் மறந்துபோனது.

ஆஸ்பத்திரி வராந்தா நான் நடக்க நடக்க நீண்டது. வரவேற்பில் இருந்த பெண் நிமிரவில்லை.

"பேர்?"

"வன்னியநாதன்."

"பால்?"

"வருதும்மா. அதுக்குத்தான் வந்தேன்."

"ஆண்பாலா, பெண்பாலா?"

சட்டையைக் காட்டினேன். முகர்ந்து பார்த்தாள்.

"திரிஞ்சிடுச்சு," என்று உள்ளே அனுப்பினாள்.

டாக்டர் மெஹருன்னிசா ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்தார். படத்தில் அந்த ஆள் வேட்டியை மடித்துக் கட்டி, கரண்டியோடு நின்றார்.

"கட்டிதான். புற்றுநோய் இல்ல. புரோலாக்டின்னு ஒரு ஹார்மோனை இஷ்டத்துக்குச் சுரக்குது. அதான் பால்."

"காலி பண்ண வைங்க டாக்டர். என் கண்ணு போயிடும்."

"வாரம் ரெண்டு மாத்திரை. இந்த வகைக் கட்டி பெரும்பாலும் அதுலயே சுருங்கிடும். குமட்டும், பொறுத்துக்கணும். பால் நின்னுடுச்சேன்னு நீங்களா நிறுத்திடாதீங்க."

"சுருங்கலைன்னா?"

"மூக்கு வழியா போய் எடுப்போம்."

படத்தில் இருந்தவர் அடுப்பைத் தணித்தார்.

மாத்திரை போட்டேன். குமட்டியது. முன்பும் குமட்டிக்கொண்டுதான் இருந்தது, வித்தியாசம் தெரியவில்லை. உள்ளே இருந்தவர் குள்ளமாகிக்கொண்டே வந்தார். கரண்டி அவரைவிடப் பெரிதாயிற்று. பால் நின்றது. சட்டை காய்ந்தது.

மறுநாள் காலையில் கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது ஜன்னல்கள் திறந்துகொண்டன. வலது பக்கம் தெரிந்தது. மேல்வீட்டு ஏகாம்பரம் சார் டம்ளரோடு உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பின்னால் எதிர்வீட்டுக்காரர்கள், வாட்ச்மேன், அடுத்த தெருப் பல் டாக்டர். எல்லோர் கையிலும் பாத்திரம். எல்லோர் மேலுதட்டிலும் காய்ந்த பாலேடு. அவர்கள் உட்கார்ந்திருந்த தரை தேய்ந்து பளபளத்தது.

"என்ன சார், இன்னிக்கு லேட்டு?" என்றார் ஏகாம்பரம்.

"நின்னுடுச்சு."

"முன்னாடியே சொல்றதில்லையா? மனுஷன் காபி குடிக்க வேணாமா?"

இடது பக்கமும் தெரிந்தது. பூரணவல்லி நின்றிருந்தாள்.

"யாருக்கும் தெரிய வேணாம்னியே?"

"வெளியாளுக்குத் தெரியாதுங்க," என்றாள். புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். "மாத்திரையை நிறுத்திடுங்களேன்."

அன்று மாத்திரை நாள். வாயில் போட்டு விழுங்கினேன். வயிற்றைப் புரட்டிக்கொண்டு வந்தது. கையால் வாயைப் பொத்தினேன்.

எல்லோரும் ஆவலாகப் பாத்திரத்தை நீட்டினார்கள்.