இறக்கத்தில் எரிந்த விளக்கு

சிவப்பு விளக்கை அலட்சியம் செய்த எந்தச் சமுதாயமும் உருப்பட்டதாகச் சரித்திரம் இல்லை. சாலைப் பாதுகாப்பு வார விழாவில் இந்த மாபெரும் உண்மையை உலகுக்கு அறிவித்தவர் தலைமையாசிரியர். பள்ளியிலிருந்து ஓய்வு பெற்று நாளாகிவிட்டது என்றாலும், மைக்கைக் கண்டால் அது அவருக்கு மறந்துவிடும். அரங்கம் கைதட்டியது. வெளியே அவருடைய கார் 'இங்கே வாகனம் நிறுத்தாதீர்' என்ற பலகையை மறைத்துக்கொண்டு நின்றிருந்தது.

அதே கார்தான் இப்போது மலைச்சாலையில் இறங்கிக்கொண்டிருந்தது. பின்னிருக்கையில் நிறைமாத மகள், தாயின் தோளில் சாய்ந்து பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். பனிக்குடம் வீட்டிலேயே உடைந்துவிட்டது. ஆஸ்பத்திரி அடிவாரத்தில். மாப்பிள்ளை வேலையிடத்திலிருந்து நேரே அங்கே வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தார்.

"ஆம்புலன்சைக் கூப்பிட்டுடலாமே" என்று கிளம்பும்போதே சம்பந்தி சொல்லிப் பார்த்தார். மகளின் மாமனார் அவர். சரக்கு ரயிலின் கடைசிப் பெட்டியில் கார்டாக, பிரேக்கைப் பிடித்தே காலத்தை ஓட்டியவர்.

"வாசல்ல சொந்த வண்டி குத்துக்கல்லாட்டம் நிக்கும்போது ஊரான் வண்டி எதுக்கு சம்பந்தி?" என்றார் தலைமையாசிரியர். பேச்சு அதோடு முடிந்தது. சம்பந்தி முன்னிருக்கையில் ஏறி, பிறக்கப்போகும் பிள்ளைக்கு வாங்கிய கம்பளியை மடியில் விரித்துக்கொண்டார்.

முதல் இறக்கத்திலேயே விளக்கு எரிந்தது. ஸ்டியரிங்குக்குப் பின்னால், ஒரு வட்டத்துக்குள் ஆச்சரியக்குறி, செக்கச்செவேலென்று.

"அது என்னங்க சிவப்பா?" என்றாள் மனைவி.

"ஒண்ணுமில்ல. ஹேண்ட்பிரேக் விளக்கு."

"ஹேண்ட்பிரேக்க எடுத்தீங்களா?"

"எடுக்காமலா வண்டி ஓடுது?"

எடுத்தது நன்றாக நினைவிருந்தது. ஆனாலும் குனிந்து ஒரு பார்வை பார்த்திருக்கலாம். பார்த்தால், எடுத்தோமா என்ற சந்தேகம் தனக்கே இருந்ததாக ஆகும். அதுவும் சம்பந்தி முன்னால். அவர் நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தார்.

சமதரை வந்ததும் விளக்கு அணைந்தது. "பாத்தியா, அதுவா எரிஞ்சுது, அதுவா போச்சு" என்று வாய் மூடுவதற்குள் அடுத்த இறக்கம். மறுபடி சிவப்பு. போதாக்குறைக்கு வண்டியைப் பின்னாலிருந்து யாரோ பிடித்து இழுப்பதுபோல் இருந்தது. மகள் முனகினாள். தலைமையாசிரியர் சாலை அகன்ற இடத்தில் ஓரங்கட்டி, இறங்கி, பானெட்டைத் திறந்தார். சம்பந்தியும் கம்பளியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து பக்கத்தில் நின்றார்.

விடைத்தாளைப் பார்க்கும் முகத்தோடு எஞ்சினைப் பார்த்தார் தலைமையாசிரியர். முதலில் கண்ணில் பட்ட டப்பாவில் பாதிதான் இருந்தது. கண்ணாடி கழுவும் தண்ணீர் டப்பா அது. பிரேக் ஆயில் டப்பா வேறொரு மூலையில் நிறைந்தே இருந்தது. அதோடு அவருக்கு அறிமுகம் இல்லை.

"பிரேக் ஆயில் குறைஞ்சிருக்கு சம்பந்தி. ஹேண்ட்பிரேக் போட்டிருந்தாலும் இந்த விளக்கு எரியும், ஆயில் குறைஞ்சாலும் இதேதான் எரியும். வண்டி சரியும்போது ஆயில் ஒரு பக்கமா ஒதுங்குது, அதான் இறக்கத்துல மட்டும் எரியுது. சாதாரண அறிவியல்."

"அப்ப பிரேக் பிடிக்காதா?"

"பிடிக்கிற வரைக்கும் பிடிக்கும்."

சம்பந்தியின் முகம் வெளிறியது. சொன்னவருக்கும் சொன்ன பிறகுதான் உறைத்தது.

"ரெண்டு பேரும் வகுப்பு எடுத்து முடிச்சாச்சா?" உள்ளேயிருந்து மனைவியின் குரல். "இனிமே ஆம்புலன்ஸ் மேல ஏறி வர்றதுக்குள்ள இவளுக்கு இங்கேயே ஆயிடும். வண்டிய எடுங்க."

எடுத்தார். இனி இருந்ததுதான் செங்குத்தான இறக்கம். விளக்கு பளிச்சென்று எரிந்தது. பிரேக்கை மிதிக்கும்போதெல்லாம் இதுதான் கடைசி மிதி என்று தோன்றியது, மிதிக்காவிட்டால் பள்ளம். கருகிய வாடை வந்தது. பக்கத்தில் சம்பந்தி மூச்சை அடக்கிக்கொண்டு பாதையையே வெறித்தார். பின்னால் ஒரு பஸ் ஒட்டிக்கொண்டு வந்தது. கொண்டை ஊசி வளைவில் வண்டி திடீரென்று ஒரு குலுக்கல் குலுக்கி, பின்பக்கம் இழுபட்டு, நின்றேவிட்டது. பஸ்காரன் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை.

"போச்சு" என்றார் தலைமையாசிரியர்.

குலுக்கலில் முன்னால் சரிந்த மகள், இரண்டு இருக்கைகளுக்கும் நடுவே தலையைக் கொடுத்தபடி அப்படியே இருந்தாள். வலி ஓய்ந்த ஒரு கணத்தில், மரியாதை குறையாமல் சொன்னாள்: "மாமா, அந்தக் கையக் கொஞ்சம் எடுத்துடுங்க."

"எந்தக் கைம்மா?"

"கம்பளிக்குள்ள இருக்கிறது."

சம்பந்தி கம்பளியைத் தூக்கினார். அவருடைய வலது கை ஹேண்ட்பிரேக்கை உச்சிவரை இழுத்துப் பிடித்திருந்தது. யாருடைய கையோ என்பதுபோல அதைப் பார்த்தார்.

"இறக்கம்னா கை அதுவா போயிடுது" என்றார். "பிரேக் இல்லைன்னு வேற சொன்னீங்களா, கொஞ்சம் பலமாவே பிடிச்சுட்டேன் போல."

பிரேக் இறங்கியது. விளக்கு அணைந்தது. தலைமையாசிரியர் சாதாரண அறிவியலை எச்சிலோடு சேர்த்து விழுங்கினார்.

"ஒரு வண்டிக்கு ஒரு டிரைவர்தான் சம்பந்தி. இனிமே ஹேண்ட்பிரேக் முழுக்க என் பொறுப்பு. நீங்க தொடவே கூடாது."

"தொடல." மிச்ச வழி முழுக்கச் சம்பந்தி இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு வந்தார்.

ஆஸ்பத்திரி வாசலில் தலைமையாசிரியர்தான் முதலில் குதித்தார். "ஸ்ட்ரெச்சர், ஸ்ட்ரெச்சர்" என்று கத்தியபடி உள்ளே ஓடினார். மகளைத் தள்ளிக்கொண்டு போனார்கள். தாயும் கூடவே ஓடினாள். கடைசியாக இறங்கிய சம்பந்தி ஹேண்ட்பிரேக்கை ஒருதரம் பார்த்தார், தன் கையை ஒருதரம் பார்த்தார். கதவை மெதுவாகச் சாத்திவிட்டு உள்ளே போனார்.

"சரியான நேரத்துக்குக் கொண்டு வந்துட்டீங்க. இனி பயமில்ல" என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் பிரசவ அறைக் கதவை மூடினாள். அந்த ஒரு வார்த்தை போதுமானதாக இருந்தது. வேர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்த மாப்பிள்ளையைப் பிடித்து உட்காரவைத்து, நெருக்கடியில் ஓட்டுநர் நிதானம் இழக்கக் கூடாது என்பதைத் தலைமையாசிரியர் விளக்க ஆரம்பித்தார்.

வாசல் காவலாளி எட்டிப் பார்த்தார். "அந்த வெள்ளைக் கார் யாருதுங்க?"

"என்னுதுதான். வழிய மறைக்குதா?"

"இப்ப மறைக்கலைங்க."

எல்லோரும் வெளியே வந்து பார்த்தார்கள். கார் வாசலின் லேசான சரிவில் தானாக உருண்டு போய், அங்கிருந்த 'இங்கே வாகனம் நிறுத்தாதீர்' என்ற பலகையைச் சாய்த்து அதன்மேல் நின்றிருந்தது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. ஸ்டியரிங்குக்குப் பின்னால் எந்த விளக்கும் எரியவில்லை. ஹேண்ட்பிரேக் போட்டிருக்கவில்லை.