ஒயினுக்குச் சொன்ன சாவு

ஸோலோகூத் ஊரில் மார்ட்டன் ஹெக்கல் கோப்பையைச் சாய்த்தால் ஒயின் அவர் உதட்டுக்கு வராது. பின்வாங்கி அடியில் போய் ஒண்டிக்கொள்ளும். கவிழ்த்துப் பிடித்தாலும் சிந்தாது. அதே கோப்பையைப் பக்கத்தில் இருப்பவர் வாங்கினால் மடமடவென்று தொண்டையில் இறங்கும். காரணம் ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

எங்கள் பக்கத்தில் வீட்டுக்காரர் இறந்தால், உடலை எடுக்குமுன் வாரிசு நிலவறைக்குப் போய் ஒவ்வொரு பீப்பாயையும் விரல் முட்டியால் தட்டி, எஜமான் செத்துப்போனார், இனி நான்தான் எஜமான் என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் ஒயின் காடியாகிவிடும். போர் முடிந்து, ஜெர்மன் பேசும் குடும்பங்களை அரசாங்கம் ஜெர்மனிக்குத் துரத்தி மூட்டை முடிச்சோடு சரக்கு ரயிலில் ஏற்றியபோது மார்ட்டனும் அவர் மனைவியும் போனார்கள். இந்த மலைச்சரிவில் முதல் திராட்சைக் கொடியை நட்டவர்கள் அவருடைய முன்னோர்கள்தான். அன்றைக்கு அதைச் சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. அவர் வீட்டையும் நிலவறையையும் அரசாங்கம் எங்கள் ஊர் கெல்லெர்ட் போடாவுக்குக் கொடுத்தது. கெல்லெர்ட்டின் மகளுக்கு ஞானத்தகப்பன் மார்ட்டன்தான்.

ஒரே வாரத்தில் நிலவறையில் புளிப்பு வாடை கிளம்பியது. துரத்தப்பட்டவனைப் பற்றிப் பீப்பாயிடம் என்ன சொல்வது என்பதற்கு எங்களிடம் வழக்கம் இல்லை.

“செத்துட்டாருன்னு சொல்லித் தொலைங்க. அது என்ன, ரயிலேறிப் போய்ப் பாக்கவா போவுது?” என்றாள் கெல்லெர்ட்டின் மனைவி பிரோஷ்கா.

கெல்லெர்ட் அழுதார் என்பார்கள். அழுதுகொண்டேதான் தட்டினார். புளிப்பு போய்விட்டது, அந்த வருடத்து ஒயினைப் போல முன்னும் பின்னும் நாங்கள் குடித்ததில்லை, வெட்கமில்லாமல் குடித்தோம்.

சில வருடங்கள் கழித்து, மனைவியை ஜெர்மனியில் புதைத்துவிட்டு மார்ட்டன் நடந்தே திரும்பி வந்தார். “வீடு வேணாம், தோட்டம் வேணாம். என் நிலவறையிலேர்ந்து ஒரு கோப்பை ஊத்துடா, போதும்” என்றார். கெல்லெர்ட் ஊற்றினார். ஒயின் பின்வாங்கியது. எல்லாப் பீப்பாய்களிலிருந்தும் பிடித்துக் கொடுத்துப் பார்த்தார்கள், அதே கதைதான்.

“என்னப் பத்தி அதுங்ககிட்ட என்னடா சொன்னே?”

கெல்லெர்ட் மறைக்கவில்லை. அங்கேயே பீப்பாயைத் தட்டி, “மார்ட்டன் சாகல, நான் பொய் சொன்னேன்” என்றார். ஒன்றும் நடக்கவில்லை.

“பாதியில நிறுத்தினா எப்படி? எஜமான் யாருன்னும் சொல்லு” என்றார் மார்ட்டன்.

கெல்லெர்ட் பீப்பாயைத் தட்டக் கையை ஓங்கினார். வாசலில் பிரோஷ்கா மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஓங்கிய கையைக் கெல்லெர்ட் மெல்லச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார். மார்ட்டன் அவரை ஒரு வார்த்தையும் திட்டவில்லை, அதுதான் எங்களுக்கெல்லாம் தாங்க முடியாமல் இருந்தது.

அதன் பிறகு அவர் ஊர்க்கோடியில் ஒரு கொட்டகையில் இருந்துகொண்டு, எங்கள் கொடிகளைக் கூலிக்குக் கவாத்து செய்தார். கெல்லெர்ட்டின் மகள் கல்யாண விருந்தில் அவருக்கு முன்னால் மட்டும் தண்ணீர் வைத்தார்கள். வெளியூர்க்காரர்கள் கேட்டபோது, அவருக்கு ஒயின் வராது என்று சாதாரணமாகச் சொன்னோம்.

“தண்ணி போதுமா ஞானப்பா?” என்று கேட்டாள் மணப்பெண்.

“செத்தவனுக்கு இதுவே ஜாஸ்திம்மா.”

எல்லோரும் சிரித்தோம். கெல்லெர்ட்டும் சிரித்தார். பிறகு கோழி சூப் வந்தது.